நிலம் இல்லாதவருக்கும் உழவுக் கல்வி



1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே, கோலார் தங்க வயலில் கால் பதித்தது. அதன் பின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களில் பலர் உழவு தெரிந்தவர்கள், ஆனால் சொந்த நிலம் இல்லாதவர்கள். ஏர் பிடித்த கைகள் உளி பிடித்தன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியது சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடு. நிலம் அப்போதும் இல்லை.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த ரயில் கடந்துபோகும் மாவட்டமோ தக்காளிக்கும், சீனிவாசபுரத்து மாம்பழத்துக்கும், பட்டுக்கும் பேர்போனது. 2023 ஜூலையில் கோலார் மண்டியில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. வேறு பருவங்களில் அதே தக்காளி, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்டிருக்கிறது. இப்படி அல்லாடும் விவசாயிக்கு நல்ல நாற்று வேண்டும், நோயை இனம் காணும் கண் வேண்டும், ஒட்டுக்கட்டத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகள் ரயிலில் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தப் பிள்ளைகளுக்கு வேளாண்மை எதற்கு, நிலப் பதிவேடான பஹணியில் பேரே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு, உழவுப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் மையம் உருவான கதையிலேயே பதில் இருக்கிறது. மோகன் சிங் மேத்தா குழு வகுத்த திட்டப்படி, நாட்டின் முதல் மையம் 1974-இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் திறக்கப்பட்டது. விவசாயிகளோடு, பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளையும் அந்தக் குழு மனதில் வைத்திருந்தது. பட்டம் தருவது அதன் நோக்கமல்ல. செய்து பழகுவதுதான் பாடம். இன்று நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கோலாருக்கான மையம் டமகாவில், தோட்டக்கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

நிலமில்லாமல் என்ன செய்வது? நாற்றங்காலைப் பாருங்கள். 98 குழிகள் கொண்ட குழித்தட்டு, அதில் தென்னை நார்க்கழிவு, மேலே நிழல்வலை. ஏறக்குறைய 25 நாளில் தக்காளி நாற்று நடவுக்குத் தயார். ஹெசரகட்டாவின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்ற ரகம் இலைச்சுருட்டு, வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும். அப்படிப்பட்ட ரகத்தைக் கவனமாக வளர்த்துக் கொடுத்தால், வாங்க ஆள் பக்கத்துக் கிராமத்திலேயே இருக்கிறார். சிப்பிக் காளானுக்குக் காளான் வித்தும் வைக்கோலும் ஈரமான ஓர் அறையும் போதும்.

குழித்தட்டிலும் காளானிலும் இன்னொரு நன்மையும் உண்டு. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகளின் தூசி படியும் இடத்தில் கீரை போடுவது விளையாட்டல்ல. அரசின் மண்வள அட்டை சத்துகள், கார அமில நிலை போன்ற 12 அளவுகளைத்தான் சொல்லும். ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருட்கள் அதில் இல்லை. ஆகவே இங்கே உணவுப் பயிர் வைக்குமுன் மண்ணையும் தண்ணீரையும் தனியாகச் சோதித்தே தீர வேண்டும். அதுவரை, உள்ளூர் மண்ணைத் தொடாத குழித்தட்டும் காளான் பையும்தான் பாதுகாப்பான தொடக்கம்.

நிலமில்லாமல் இப்படிப் பிழைப்பதற்கு மார்த்தாண்டத்தில் முன்னோடி இருக்கிறது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தி, ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்றும் அந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் ஒருவருடையதாக இருக்கும், தேன்பெட்டி இன்னொருவருடையதாக இருக்கும். சீனிவாசபுரத்து மாந்தோப்புகளிலும் இதைச் செய்து பார்க்கலாமே!

கிராமத்து இளைஞரை வேளாண்மையில் நிலைநிறுத்த இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் ஆர்யா என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேனீ, காளான், கோழி எல்லாம் அதில் உண்டு. திட்டம் இருக்கிறது, தங்க வயலின் லைன்களை அது எட்ட வேண்டும். தாலுக்காவின் உட்பிரிவான ஹோப்ளிதோறும் இருக்கும் ரைத்த சம்பர்க்க கேந்திரம் என்ற உழவர் தொடர்பு மையம், பஹணி இல்லாதவரின் பெயரையும் பயிற்சிக்குப் பதிவு செய்யட்டும். டமகா மையத்தின் வல்லுநர்கள் இங்கே ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து, கன்னடத்தோடு தமிழிலும் கற்றுக்கொடுக்கட்டும். வாரம் முழுக்க ரயிலில் போகும் பிள்ளைகளுக்காக அந்தப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும். இந்தக் கோரிக்கைகளை வைக்கும் மனுவில் கையெழுத்திட்டுவிட்டுக் கலைந்து செல்லுமாறு உங்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்.