பிறர் பக்கம் பார்த்தலும் நம் பக்கம் படைத்தலும்

(இணையப்பக்க வடிவமைப்புப் பயிலும் இளைஞரிடையே தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"எழுத்தும் சொல்லும் நடத்துகின்றவர்க்கு இணையப்பக்க வடிவமைப்பில் என்ன வேலை?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆனால், எழுத்தைக் கண்ணுக்குக் காட்டும் பணி எதுவாயினும் அதில் எழுத்தாசிரியனுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை நான் சரிவரச் செய்யாது விட்ட கதையிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளித் தமிழ்மன்றத்திற்கென ஓர் இணையப்பக்கம் அமைக்க மாணவர் சிலர் முன்வந்தனர். அயல்நாட்டார் ஒருவர் செய்து வைத்திருந்த அழகிய வார்ப்புரு ஒன்றை அவர்கள் தேடியெடுத்தனர். அதிலிருந்த ஆங்கிலத்தை நீக்கித் தமிழை இட்டனர். அந்தத் தமிழ் எழுத்துரு எனக்கு நிறைவளிக்கவில்லை. "தலைப்புகளை எல்லாம் நல்ல ஓவிய எழுத்தில் வரைந்து படமாகவே ஒட்டிவிடுங்கள்" என்றேன். அவ்வாறே செய்தனர். மன்றத்தில் கைதட்டினோம், மகிழ்ந்தோம்.

மறுநாள் மாலை என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். இன்று தாமும் ஓர் ஆசிரியர். திரையிலுள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணைகொண்டு இணையத்தைச் செவியாற் படிப்பவர். "ஐயா, உங்கள் பக்கத்தைத் திறந்தேன். அது வாய் திறக்கவில்லையே ஐயா!" என்றார்.

ஏன் வாய் திறக்கவில்லை? தலைப்புகள் படங்களாயிருந்தன, படத்திற்கு மாற்றுரை எழுதப்படவில்லை, எனவே படிப்பதற்கு ஆங்கு ஒன்றுமில்லை. பக்கத்தின் தொடக்கத்தில் 'இஃது இன்ன மொழி' என்று கணிப்பொறிக்கு உரைக்கும் சிறு குறி ஒன்று உண்டு. வார்ப்புருவில் அஃது ஆங்கிலம் என்றே இருந்தது. அதனை ஒருவரும் மாற்றவில்லை. ஆங்கிலக் குரல் தமிழெழுத்தைக் கண்டு விழித்து நின்றுவிட்டது. தமிழ்மன்றத்தின் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டு ஊமையாய் நின்றது! அதற்கு முதற்பொறுப்பு மாணவர்களுடையதன்று. அழகு என்று ஒன்றைக் கேட்டு, பயன் என்பதை மறந்த என்னுடையது.

அன்று முதல் இத்துறையைச் சிறிது கற்றேன். கற்றதில் உங்களுக்குப் பயன்படுவனவற்றைச் சொல்லுகின்றேன்.

முதற்கண், பிறர் பக்கங்களைப் பார்த்துக் கற்பது இழிவன்று. இணையமே அதற்கென இயன்றதுதான். சுவிட்சர்லாந்து நாட்டுச் செனீவாவில் உள்ள 'செர்ன்' ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய திம் பெர்னர்சு இலீ என்பார், 1989-இல் இவ்வலையின் திட்டத்தை எழுதி அளித்தார். 1991-இல் அது வெளியுலகிற்குத் திறக்கப்பட்டது. 1993 ஏப்பிரல் 30-ஆம் நாள் அந்த ஆய்வுக்கூடம், இந்நுட்பத்தை யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கி அறிவித்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பின்னுள்ள நிரல்வரிகளை உலாவியின் வழியே எவரும் காணலாம். சமையலறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் உணவகத்தைப் போன்றது அது. உலகெங்கும் ஒரு தலைமுறையே இவ்வாறு பிறர் நிரலைப் பார்த்துத்தான் இத்தொழிலைக் கற்றது.

ஆயினும், பார்த்தல் வேறு, பெயர்த்தெடுத்தல் வேறு. இவ்வேற்றுமையை விளக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

நார்வே நாட்டவராகிய ஓக்கோன் வியும் இலீ என்பார் 1994-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பக்கத்தின் உரை ஓரிடத்திலும், அவ்வுரைக்கு நிறமும் அளவும் இடைவெளியும் கூறும் நடைத்தாள் வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும் என்பதே அது. 1996-இல் அது நெறிமுறையாக ஏற்கப்பட்டது. ஆனால் அதன் ஆற்றல் பலர்க்கும் விளங்கவில்லை. 2003-இல் கனடா நாட்டு வடிவமைப்பாளர் தேவ் சேய் என்பார் 'சி.எசு.எசு. சென் கார்டன்' என்னும் தளத்தைத் தொடங்கினார். அங்கு உரை ஒன்றே. அதில் ஒரு சொல்லையும் மாற்றுதல் ஆகாது. நடைத்தாளை மட்டும் மாற்றி எவரும் தம் வடிவமைப்பை அனுப்பலாம். 200-க்கும் மேற்பட்ட வடிவங்கள் அங்கே இடம்பெற்றன. ஒன்று கடலடியைப் போல், ஒன்று பழஞ்சுவடியைப் போல், ஒன்று சுவரொட்டியைப் போல்! உடல் ஒன்று, உடை இருநூறு!

இதில் நாம் கற்பது யாது? உரையே உயிர், அதற்கேற்ற உடையே வடிவமைப்பு. நாங்கள் செய்ததோ, வேறொருவர்க்குத் தைத்த சட்டையை எடுத்து வந்து, அதற்குள் நம் பிள்ளையைத் திணித்ததாகும். கை நீண்டிருந்தால் பிள்ளையின் கையையா இழுப்பது? சட்டையை அல்லவா மாற்றித் தைக்க வேண்டும்!

ஆகவே, நல்ல பக்கம் ஒன்றைக் காணும்போதெல்லாம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவர் எதை முதலில் கண்ணிற் பட வைத்தார்? எதை வைக்காமல் விட்டார்? ஏன் அவ்வாறு செய்தார்? இம்மூன்றிற்கும் விடை கண்டீர்களாயின், நிறத்தையும் படத்தையும் படியெடுக்கவே தோன்றாது. விடை காணாமற் படியெடுத்தீர்களாயின், பொருள் விளங்காமல் உருப்போட்ட மாணவனைப் போல, வினா சற்று மாறினாலும் திகைத்து நிற்பீர்கள்.

இனி, தமிழுக்கே உரிய செய்திகளுக்கு வருகின்றேன். இணையத்தில் கிடைக்கும் வடிவமைப்பு அறிவுரைகளுள் பெரும்பாலன உரோமன் எழுத்தை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. 'தலைப்பைப் பெரிய எழுத்தால் அமை' என்பது ஓர் அறிவுரை. நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லை. 'அழுத்தம் வேண்டுமிடத்தில் சாய்வெழுத்து இடு' என்பது மற்றொன்று. உரோமன் எழுத்தில் சாய்வெழுத்துக்குத் தனி மரபு உண்டு; தமிழிலோ நேரெழுத்தைக் கணிப்பொறி வலிந்து சாய்த்துக் காட்டும்; கண் உறுத்தும். தமிழில் தடித்த எழுத்தோ நிறமோ போதும். 'எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அகற்று. தலைப்பு மிடுக்காகத் தோன்றும்' என்பது பிறிதொன்று. அதனைத் தமிழுக்குப் பொருத்தினால் ஒரு சொல்லின் எழுத்துகளே ஒன்றுக்கொன்று உறவில்லாதன போற் சிதறி நிற்கும்.

வரிகளுக்கு இடையிலுள்ள வெளியையும் கருத வேண்டும். நம் எழுத்து மேலும் எழும், கீழும் இறங்கும். 'கீ' மேலே வளைகின்றது; 'கூ', 'ழூ' கீழே தாழ்கின்றன. உரோமன் எழுத்துக்கு எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு வரியுயரம் போதுமென்றால், தமிழுக்கு 1.6 மடங்கேனும் இட்டுப் பாருங்கள். மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளா. இருபுறமும் ஒழுங்கு செய்து நிரப்புவதையும் கைப்பேசித் திரையில் தவிருங்கள். நம் சொற்கள் நீண்டவை; ஒரு வரியில் மூன்று சொல் மட்டும் நிற்க, இடையே ஆறு ஓடினாற்போல் வெள்ளை வழியும்.

இன்னொரு பழக்கம் உண்டு. வடிவமைப்பாளர், உண்மையான உரை வருமுன் 'உலோரம் இப்சம்' என்னும் நிரப்புரையை இட்டுப் பார்ப்பர். அது கி.மு. 45-இல் உரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய இலத்தீன் நூலிலிருந்து சிதைத்து எடுக்கப்பட்டது. 1960-களில் இலெட்ராசெட் என்னும் ஒட்டெழுத்துத் தாள்களின் வழியே பரவியது. பொருளற்ற இலத்தீனுக்கு அளவெடுத்துவிட்டு, அப்பெட்டிக்குள் தமிழைத் திணித்தால் வழியாதா? முதல் நாளிலிருந்தே தமிழை இட்டுப் பாருங்கள். அதுவும் உண்மையான தமிழை: பள்ளியின் விடுமுறை அறிவிப்பு, மன்றத்தின் நிகழ்ச்சி நிரல், ஒரு மாணவியின் கட்டுரை.

இங்கே நம் கொள்கைக்கும் ஒரு சான்று கிடைத்ததைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருந்தது. அதில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதியிருந்தனர். ஒன்பது எழுத்து, பொத்தானைக் கடந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாணவர் எழுத்தின் அளவைக் குறைத்தனர், படிக்க இயலவில்லை. பொத்தானைப் பெருக்கினர், பக்கம் கோணிற்று. 'அனுப்புக' என்று மாற்றுங்கள் என்றேன். ஐந்தே எழுத்து, செம்மையாய் அமர்ந்தது! 'தேடுக', 'திறக்க', 'இறக்குக' என நம் வினைகள் எவ்வளவு குறுகியவை, எவ்வளவு தெளிந்தவை! நல்ல தமிழ் நல்ல வடிவமைப்புக்குத் தடையென்பார் இப்பொத்தானைப் பார்க்கட்டும்.

எழுத்துருவுக்கு வருவோம். ஒருங்குறி பரவுமுன் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாதார்க்குப் பக்கம் முழுதும் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு கண்டது. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இன்று மீரா இனிமை, நோட்டோ முதலிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்துடன் விலையின்றிக் கிடைக்கின்றன. எனவே, எழுத்தைப் படமாக்கும் தேவையே இல்லை. படமாகிய எழுத்தைத் தேடுபொறி எளிதிற் காணாது. செவியாற் படிப்பவர் கேளார். எவரும் எடுத்து மேற்கோள் காட்ட இயலார். ஆனால் எந்த எழுத்துருவையும் படத்தையும் எடுத்தாளுமுன் அதன் உரிமத்தைப் படியுங்கள். கண்ணிற் பட்டதெல்லாம் கைக்குரியதன்று.

எல்லார்க்கும் படிக்க இயல்கிறதா என்று பார்ப்பது அடுத்த கடமை. வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் நிற எழுத்து இக்கால நாகரிகமாம்! என் வயதினர்க்கு அது பனிமூட்டத்தில் நிற்கும் ஆள். 2008-இல் வெளிவந்த உலகளாவிய அணுகுநெறி, எழுத்துக்கும் பின்புலத்திற்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிற்கேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது. இதனை அளந்து காட்டும் கருவிகள் உலாவியிலேயே உள. ஈத்தன் மார்க்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 2010-இல் எழுதிய கட்டுரை ஒன்று, திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தானே நெகிழ்ந்து அமையும் முறையை உலகிற்குக் காட்டிற்று. நம் மக்களுட் பலர் கைப்பேசியில்தான் படிக்கின்றனர். ஆகவே முதலிற் கைப்பேசிக்கு அமையுங்கள். பின்னர்ப் பெருந்திரைக்கு விரியுங்கள்.

சரி, புத்தெண்ணங்களுக்கு எங்கே போவது? பிகான்சு, திரிபிள் முதலிய தளங்களில் உலக வடிவமைப்பாளர் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்துள்ளனர், பாருங்கள். நுட்பம் கற்க மொசில்லாவின் எம்.டி.என். பக்கங்கள் உள, படியுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், 2005 முதல் ஈழத்தமிழர் வளர்த்துவரும் நூலகம் தளத்தையும் திறந்து, பழைய நூல்களின் தலைப்புப் பக்கங்களைப் பாருங்கள். 1578-இலேயே அச்சேறிய மொழி நம் மொழி. ஈயவெழுத்துக் கோத்த அந்த அச்சர்கள், நூற்பெயரை எவ்வளவு பெரிதாக, ஆசிரியர் பெயரை எவ்வளவு சிறிதாக, இடையே எவ்வளவு வெளிவிட்டு அமைத்தனர் என்று அளந்து பாருங்கள்.

உங்கள் வீட்டு வாயிலையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் முல்லர் புரோக்மன் என்பார் கட்டங்களை அடிப்படையாக வைத்து வடிவமைக்கும் முறையைப் பற்றி 1981-இல் வெளியிட்ட நூலை வடிவமைப்பு மாணவர் இன்றும் பயில்கின்றனர், பயிலத் தக்கதே. ஆனால் முதலிற் புள்ளியிட்டு, அளவு கண்டு, பின்னரே இழை வளைக்க வேண்டும் என்பதை உங்கள் தாயார் நாள்தோறும் வைகறையில் வாயிலிற் செய்து காட்டுகின்றாரே! முன்னதைப் படிக்கும்போது பின்னதை நினைப்பவன்தான் படைப்பாளி ஆவான்.

இளையோரே, எங்கள் பக்கத்தை மீண்டும் அமைத்தோம். படத்தலைப்புகளை நீக்கினோம். மொழிக்குறியைத் தமிழ் என்று திருத்தினோம். இரண்டே எழுத்து மாற்றம் அது. நிறத்தை அடர்த்தியாக்கினோம், வரிகளை விலக்கினோம். முன்னைய அளவிற்கு அது பகட்டாக இல்லை. பின்னர் அந்தப் பழைய மாணவரை அழைத்து, "தம்பி, இப்பொழுது பாருங்கள்" என்றேன். பாருங்கள் என்ற சொல் வாயினின்று வந்தபின் நாவைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். சற்று நேரம் ஓசையில்லை. பின்னர்த் தொலைபேசியின் மறுமுனையில் ஒரு பொறிக்குரல், எங்கள் பதினோராம் வகுப்பு மாணவி எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் படிக்கத் தொடங்கிற்று. ழகரம் சற்றுப் பிறழ்ந்துதான் ஒலித்தது. ஆயினும் அன்று நான் கேட்ட தமிழ்களுள் அதுவே இனிது.

உலகமெல்லாம் பாருங்கள், நல்லன எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், ஒரு பக்கத்தை முடித்துவிட்டோம் என்று எழுமுன் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு அதனைக் கேளுங்கள். அது தமிழிற் பேசினால், உங்கள் பணி முடிந்தது.