வெள்ளைத் துணியில் படிந்த கரி

(செங்கல்பட்டில் அறிவியல் ஆசிரியர்களுக்கு நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"கரி டீசல் வண்டியில்தான் வரும், பெட்ரோலில் வராது" என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கப்பா பட்டறைக்கு வந்த பெட்ரோல் காரு, சைலன்சர் வாயை வெள்ளைத் துணியால துடைச்சேன். அடுப்புக்கரி மாதிரி வந்துச்சு" என்றான். "அந்த இன்ஜினில் ஏதோ பழுது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது.

அந்தச் சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். அவன் அப்பா சிரித்தார். "வண்டியில குறை இல்லைங்க சார். இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இந்த ரகத்துல இப்படி வரும்." நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருந்தது.

சாதாரண பெட்ரோல் இன்ஜினில், காற்று உள்ளே போகும் வழியிலேயே பெட்ரோல் தெளிக்கப்படும். இரண்டும் கலந்துதான் சிலிண்டருக்குள் நுழையும். அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு போதும். நேரடிச் செலுத்து முறையில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே 150 முதல் 350 மடங்கு அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. பனிபோல் சிதறி, உள்ளேயே ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஆறாம் வகுப்பிலேயே கேட்கிறோம் அல்லவா? அதே ஆவியாதல்தான் இங்கே சிலிண்டர் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்றைக் கூடுதலாக அழுத்தலாம். நேரத்துக்கு முன் வெடித்து 'நாக்கிங்' வராது. அதனால் சிறிய இன்ஜினோடு டர்போவைச் சேர்த்துப் பெரிய இன்ஜினின் வேலையை வாங்க முடிகிறது.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் வெளிவந்தபோது, ஒரே காரில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் கிடைத்தன. சாதாரண 1.5 லிட்டர் இன்ஜினுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் 15.8 கிலோமீட்டர். மூன்று சிலிண்டர், 1 லிட்டர் நேரடிச் செலுத்து இன்ஜினுக்கு 18.9. ஆற்றலும் சிறியதில்தான் அதிகம். (அந்த ஆலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. கணக்கு நின்றுவிடவில்லை.)

அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ எடை. எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு. "முக்கால் கிலோ எப்படி ஐயா ரெண்டேகால் கிலோ ஆச்சு?" என்று வகுப்பே கேட்டது. மீதி எடை காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஆக்சிஜன். வேதிச் சமன்பாட்டை அன்றுதான் அவர்கள் ஆர்வமாக எழுதினார்கள். 2,300 கிராமை மைலேஜால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஒன்றில் ஏறத்தாழ 146 கிராம், மற்றதில் 122.

இனி கரிக்கு வருவோம். உள்ளே பீய்ச்சும் பெட்ரோல் முழுதும் ஆவியாக மிகக் குறைந்த நேரமே இருக்கிறது. இன்ஜின் சூடேறாத வேளையில் கொஞ்சம் பிஸ்டன் தலையிலும் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் போதிய காற்று கலக்காமல் எரிந்து கரியாகிறது. சிம்னி விளக்கில் திரியைத் தூக்கிவிட்டால் கண்ணாடி கறுப்பதுபோலத்தான். துகள்கள் மிக நுண்ணியவை. எடைபோட்டால் அற்பம், எண்ணினால் ஏராளம். அதனால்தான் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதி, இவ்வகைப் பெட்ரோல் கார்களுக்குத் துகள்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது: கிலோமீட்டருக்கு 6 × 10¹¹, அதாவது 60,000 கோடி. அடுக்குக்குறி நடத்தும் கணித ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம். இதைக் குறைக்க அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், ஒரே சுற்றில் இரண்டு மூன்று தவணையாகப் பீய்ச்சுகிறார்கள், சில கார்களில் புகைக்குழாயில் துகள் வடிகட்டியும் வைக்கிறார்கள்.

பெட்ரோல் வண்டிக்கு நாம் எடுக்கும் புகைச் சான்றிதழ் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. இந்தத் துகளை எண்ணுவதில்லை. எனக்கு உறுத்தியது இதுதான். என் மாணவர்கள் சிலரின் பெற்றோர் மாமல்லபுரத்தில் கார் நிறுத்துமிடத்தையொட்டிச் சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள். பிள்ளைகள் மாலையில் அங்கேதான் இருப்பார்கள். மணிக்கணக்கில் ஆறிக்கிடந்த கார்கள் வரிசையாக ஸ்டார்ட் ஆகும் நேரமும் அதுதான். வினையூக்கி மாற்றி 250, 300 டிகிரி செல்சியஸ் சூடேறும் வரை சரிவர வேலை செய்யாது. சைலன்சர் வாயின் உயரமும் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முக உயரமும் ஏறக்குறைய ஒன்று.

திங்கட்கிழமை அந்த மாணவனை அழைத்து, "நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று வகுப்பின் முன் சொன்னேன். அவன் அப்பா ஒரு பழைய இன்ஜெக்டரைக் கொடுத்தனுப்பினார். அதன் முனைத் துளைகளைக் கைலென்ஸில் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

துணிச் சோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: இன்ஜினை அணைத்து, சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு, திறந்தவெளியில், கையுறை போட்டு நீங்களே துடைத்துக் காட்டுங்கள். ஓடும் இன்ஜின் அருகில் மாணவர்களை நிறுத்தவே வேண்டாம்.