நாய்க்குட்டி என்றால் வசை இல்லையா?



இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 'குனாரியோன்'. கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 4 இடத்தில்தான் வருகிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இரண்டு, மத்தேயு 15இல் இரண்டு. நாலும் ஒரே கதை.

தீரு பட்டணத்துப் பக்கம் ஒரு பெண் இயேசுவின் காலில் விழுகிறாள். மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது. அவள் யூதப் பெண் இல்லை, சீரோபேனிக்கியக்காரி. முதலில் பிள்ளைகள் வயிறு நிறையட்டும், அவர்கள் அப்பத்தை எடுத்துக் குனாரியோன்களுக்குப் போடுவது சரியில்லை என்கிறார் இயேசு. நம்ம தமிழ் வேதாகமத்தில் அது நாய்க்குட்டி.

இந்தக் 'குட்டி'யைத்தான் பிரசங்கிமார் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்காங்க. நாய்க்குக் 'குவோன்' என்று தனிச்சொல் இருக்கிறதாம், இது குறுமை விகுதி சேர்ந்த சொல்லாம், வீட்டுச் செல்லக்குட்டியாம், ஆகவே வசை இல்லையாம், கொஞ்சலாம். நான் கேட்ட பிரசங்கங்களில் பாதிக்கு மேல் இதுதான்.

இலக்கணத்தை வைத்தே பார்ப்போம். அந்தக் காலத்துப் பேச்சுக் கிரேக்கத்தில் இந்த விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்து போனவை. வெளிப்படுத்தின விசேஷத்தில் 7 தலை, 10 கொம்போடு கடலிலிருந்து ஏறி வருகிறதே ஒரு மிருகம், அதற்குப் பெயர் 'தேரியோன்'. அதுவும் பிறப்பில் குறுமைச் சொல்தான். அதைக் குட்டி மிருகம் என்று எந்தப் போதகராவது பிரசங்கம் பண்ணியிருக்கிறாரா? இயேசுவைப் பிடிக்க வந்த இடத்தில் பிரதான ஆசாரியனின் வேலைக்காரனுக்கு அறுபட்டது, மாற்கு எழுதியபடி, 'ஓட்டாரியோன்'. அதே '-ஆரியோன்'. அவனுக்கென்ன குட்டிக் காதா?

சரி, குட்டின்னே வச்சுக்குவோம். மேசைக்கடியில் கிடக்கிறது தெருநாய் இல்லை, வீட்டு நாய், அதையும் ஒத்துக்கலாம். அறுபது வயசுப் பெரியவரை ஊர்த்தெருவில் பத்து வயசுப் பையன் "ஏலே" என்கிறான். அதிலே கொஞ்சல் எங்கே இருக்கு? சேரிக்காரன் இதைக் கிரேக்கம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவளை அப்படியே தலித் பெண்ணாக்கிவிட நமக்கு ஆசை வரும். அவசரப்படக் கூடாது. தீரு பணக்காரத் துறைமுகம். ஏரோது ராஜாவின் நாட்டிலிருந்து வரும் தானியத்தில்தான் தீருவும் சீதோனும் சாப்பிட்டன என்று அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரமே சொல்கிறது. கலிலேயா உழவன் விளைவித்தது அந்தப் பட்டணத்து மேசைக்குப் போனது. கெர்ட் தைசன் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் பின்னணியில்தான் அந்த 'அப்பம்' என்ற பேச்சை வாசிக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்தக் கடுஞ்சொல்லில் பசித்தவனின் கோபமும் கொஞ்சம் இருக்கிறது. கோபம் நியாயமானதாக இருக்கலாம். அதைச் சுமந்தது, பேய் பிடித்த ஒரு சின்னப் பெண்ணின் தாய்.

அவள் என்ன செய்தாள்? அழவில்லை. 'நான் நாயில்லை' என்றும் வாதாடவில்லை. சொன்ன சொல்லையே கையில் எடுத்தாள். ஆமாம் ஆண்டவரே, மேசைக்கடியில் இருக்கிற குனாரியோன்களும் பிள்ளைகள் சிந்துகிற துணிக்கைகளைத் தின்னுதே என்றாள். 'முதலில்' என்று அவர் போட்ட வரிசை அதோடு உடைந்தது. பிள்ளைகள் தின்னும் அதே நேரத்தில்தானே கீழே துணிக்கை விழுகிறது!

இயேசுவின் பதிலை மாற்கில் கவனியுங்க. நீ சொன்ன இந்தச் சொல்லுக்காக உன் மகளுக்குச் சுகம் என்கிறார். அங்கே இருக்கிற சொல் 'லோகோஸ்'. விசுவாசம் என்ற சொல்லே மாற்குவின் இந்தக் கதையில் கிடையாது. மத்தேயு எழுதும்போதுதான் அது 'உன் விசுவாசம் பெரிது' என்று மாறுகிறது. சபைகள் மத்தேயுவையே எடுத்துக்கொண்டன. வாதாடுகிற பெண்ணைவிட விசுவாசிக்கிற பெண் வசதி, இல்லையா?

அதற்குப் பிறகு இயேசு தெக்கப்போலிப் பக்கம் போகிறார். யூதர் அல்லாதார் நிறைந்த நாடு. அடுத்த அதிகாரத்தில் 4000 பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் 'வயிறு நிறையட்டும்' என்றாரே, அங்கே வந்த அதே கிரேக்க வினைச்சொல்தான் இங்கேயும் வருகிறது. இந்தத் தடவை மேசையும் கிடையாது, மேசைக்கு அடியும் கிடையாது. மீந்ததே 7 கூடை.