பிள்ளைக்கும் அதே அளவு

(வரிச்சிக்குடியில் ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



2019 நவம்பரில் கேரளத்தின் சுல்தான் பத்தேரியில், வகுப்பறையிலேயே பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்பு மாணவி உயிரிழந்தாள். வயல் சூழ்ந்த ஊர்ப் பள்ளிகளுக்கு அது பாடம்.

காய்ச்சல் மருந்தைப் பிள்ளையின் எடை பார்த்துக் கொடுப்பார்கள். விஷமுறிவு மருந்து அப்படியல்ல. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. விஷம் ஏறிய அறிகுறி இருந்தால், பெரியவர்களைப் போலவே பிள்ளைக்கும் முதலில் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். அதற்கு மருத்துவமனை வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது: கட்டாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். கடித்த நேரத்தையும், இமை தொங்குதல், இரத்தக் கசிவு போன்றவற்றையும் குறித்துக் கொடுங்கள். பாம்பைத் தேடாதீர்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.