செத்த பற்றரியில் மிஞ்சியிருக்கும் மின்சாரம்



வரிப் படிவம், ஆண்டுக் கணக்கு என்றுதான் இந்த நேரத்தில் நான் வழக்கமாகப் பேசுவது. இம்முறை ஒரு மாணவி கேட்ட கேள்விக்காகப் பாதை மாறுகிறேன். "அங்கிள், ஒரு வோல்ற் பற்றரியிலே மூன்று வோல்ற் லைற் எரியுது. மிச்ச இரண்டு வோல்ற் எங்கேயிருந்து வருது?" கணக்காளரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் ஹாலேயில் கோடை வந்தால் சிறுதோட்டங்களில் சூரிய விளக்குகள் வரிசையாக முளைத்துவிடும். மலிவுக் கடையில் வாங்குபவை. பழுதான ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே 1.2 வோல்ற் பற்றரி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆனால் வெள்ளை எல்.ஈ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ற் வேண்டும். இடையில் நிற்பவை நான்கு கால் கொண்ட ஒரு சின்னச் சிப்பும் ஒரு கம்பிச் சுருளும்தான். அந்த இரண்டும் சேர்ந்து ஓர் ஒஸிலேற்றர், அதாவது மின்சாரத்தை ஓயாமல் விட்டு விட்டு ஓடச் செய்யும் அலைவுச் சுற்று.

வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சடாரென்று பூட்டினால் சுவருக்குள் "டொக்" என்று இடிக்கும் அல்லவா? ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்க மறுப்பதால் வரும் இடி அது. சுருளில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். சடுதியாக மறித்தால், பற்றரியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு வேறு வழி தேடிப் பாயும். அந்த வழியில் விளக்கை வைத்துவிட்டால் விளக்கு எரியும்.

வீட்டில் செய்யும் வடிவத்துக்கு ஒரு ஃபெரைற் வளையம், ஒரு திரான்சிற்றர், 1000 ஓம் தடை ஒன்று, ஒரு எல்.ஈ.டி. போதும். இரண்டு வயர்களைச் சேர்த்துப் பிடித்து வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒன்றின் தொடக்கத்தையும் மற்றதன் முடிவையும் இணைத்துப் பற்றரியின் நேர் முனைக்குக் கொடுங்கள். மிஞ்சிய நுனிகளில் ஒன்று தடை வழியாகத் திரான்சிற்றரின் பேஸுக்கு, மற்றது கொலெக்ரருக்கு. எமிற்றர் பற்றரியின் மறை முனைக்கு. எல்.ஈ.டி.யின் நீண்ட கால் கொலெக்ரரிலும் குட்டைக் கால் எமிற்றரிலும் இருக்க வேண்டும். ஒரு சுருளில் மின்சாரம் ஏற ஏற மற்றச் சுருள் திரான்சிற்றரை இன்னும் திறக்கச் சொல்லும். இனி ஏற முடியாது என்ற கட்டத்தில் எல்லாம் தலைகீழாகித் திரான்சிற்றர் பூட்டிக்கொள்ளும். இது செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை நடப்பதால் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரியும். எரியவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு சுருளின் நுனிகள் மாறியிருக்கும்.

வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் இந்த வித்தையை 1913இல் பேர்லினில் தெலெஃபுங்கன் நிறுவனத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் மைஸ்னர் வெற்றிடக் குழாயில் செய்துகாட்டினார். வானொலி ஒலிபரப்புக்கே அடித்தளம் அது. எங்கள் சின்ன விளக்குச் சுற்றை 1999 நவம்பரில் ஓர் ஆங்கிலேய மின்னணுச் சஞ்சிகைக்கு எழுதியவர் கப்பார்னிக் என்பவர். 2002இல் கிளைவ் மிச்செல் அதற்கு "ஜூல் திருடன்" என்று பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடில்லை. இங்கே களவு எதுவும் நடக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். வோல்ற் விலை என்றால் அம்பியர் எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கினால் வருவது வாற், அதுதான் உண்மையான பெறுமதி. பற்றரி 1 வோல்றில் 80 மில்லி அம்பியர் கொடுத்தால் வரவு 80 மில்லி வாற். கையால் செய்த சுற்றில் நூற்றுக்கு முப்பது சூடாகப் போகிறது என்று வைப்போம். அது தரகு. மிச்சம் 56. விளக்குக்கு 3.2 வோல்ற் தேவை என்றால் அதற்குக் கிடைப்பது 17.5 மில்லி அம்பியர்தான். விலை கூடியது, எண்ணிக்கை குறைந்தது. இதே சுற்றைக் காட்டி "இலவச மின்சாரம்" என்று வீடியோ போடுகிறார்கள். வரவில்லாமல் செலவெழுதும் பேரேட்டை நான் எந்தக் கம்பனியிலும் ஒப்பமிட்டதில்லை.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றதும், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானதும் உங்களில் பலருக்கு மறந்திருக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. தீர்ந்த பற்றரியில் ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். அந்தப் பற்றரிகளில் இன்னும் மின்சாரம் மிஞ்சியிருந்தது, அழுத்தம்தான் போதவில்லை. பழுதான றேடியோக்களுக்குள் திரான்சிற்றரும் ஃபெரைற்றும் சும்மா கிடந்தன. இப்படி ஒரு சுற்று அன்று கைக்கு வந்திருந்தால்? வெள்ளை எல்.ஈ.டி. 1996இல்தான் விற்பனைக்கு வந்தது. சிவப்பு எல்.ஈ.டி. இருந்தது, அடுப்படிக்கு ஒரு மங்கல் வெளிச்சம் கிடைத்திருக்கும். றேடியோவுக்கு உதவியிருக்காது. சுற்றின் இரைச்சல் மத்திய அலையையும் சிற்றலையையும் கெடுத்துவிடும். செய்திக்கு டைனமோதான் சரி.

இனி, பிள்ளைகளுக்குச் செய்ய விடும் பெற்றோருக்கு. 1.5 வோல்ற் கையில் அடிக்காது என்பது உண்மை. ஆனால் சுருளின் மறுபக்கம் வேறு கதை. விளக்கைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் அழுத்தம் பத்துக் கணக்கான வோல்றுக்கு ஏறித் திரான்சிற்றரைச் சுட்டுவிடும். அதனால் முதலில் விளக்கு, கடைசியில் பற்றரி. வேறு எதற்காவது மின்சாரம் எடுப்பதானால் ஓர் இருவாயி, ஒரு கொள்ளளவி, அழுத்தத்துக்கு வரம்பு கட்ட 5.1 வோல்ற் ஸீனர் இருவாயி ஒன்று, மூன்றும் அவசியம். கைத்தொலைபேசியை இதில் மாட்டவே கூடாது.

பழைய, ஒருதடவைப் பாவனைக் கமெராவை மட்டும் திறக்க விடாதீர்கள். அதன் பிளாஷிலும் இதே இன ஒஸிலேற்றர்தான், 1.5 வோல்றிலிருந்து 300 வோல்ற் அளவுக்கு ஏற்றிக் கொள்ளளவியில் தேக்கி வைக்கும். பற்றரியை எடுத்த பிறகும் அது அங்கேயே இருக்கும், தொட்டால் ஆளைத் தூக்கியடிக்கும்.

இன்னொன்று, சுற்று தொடங்க 0.6 வோல்ற் அளவு வேண்டும். தொடங்கியபின் அதற்குக் கீழும் உறிஞ்சும். அப்படி வற்றிய அல்கலைன் பற்றரி கசியும், அந்தத் திரவம் தோலையும் கண்ணையும் அரிக்கும். வாரக் கணக்கில் விளக்குக்குள் விட வேண்டாம். மீள மின்னேற்றும் பற்றரியையும் லிதியம் பற்றரியையும் இப்படி வற்ற வைக்கவே கூடாது, அவை கெட்டுவிடும். வெளிச்சம் மங்கியதும் பற்றரியைக் கழற்றி, சுப்பர்மார்க்கட் வாசலில் உள்ள பழைய பற்றரிப் பெட்டியில் போடுங்கள். ஜேர்மனியில் வீட்டுக் குப்பையில் போட அனுமதியில்லை.