பஞ்சம் கட்டிய அரண்மனையில் இரண்டு இரவுகள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பயணம் பத்தி ஏதாவது சுவையா பேசுப்பா" என்றார் செயலாளர். மகள் தயவில் 2018-ல் நானும் என் மனைவியும் ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனையில் இரண்டு இரவு தங்கினோம். அதைச் சொல்கிறேன். வாடகை எவ்வளவு என்று மகள் கடைசி வரை சொல்லவில்லை. பில்லை எட்டிப் பார்த்துவிட்டேன். 1975-ல் வேலைக்குச் சேர்ந்தபோது வருஷம் முழுக்க நான் அவ்வளவு வாங்கவில்லை!

வாசலில் தலைப்பாகைக்காரர் குனிந்து கும்பிட்டார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். "போதும் வாங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

மொத்தம் 347 அறைகள். நடு மண்டபத்துக் கும்மட்டம் நூறடிக்கு மேல். தரைக்குக் கீழே நீச்சல் குளம், அதில் பன்னிரண்டு ராசிப் படங்கள். லண்டனிலிருந்து வந்த மேசை நாற்காலியெல்லாம் 1942-ல் கப்பலோடு மூழ்கிப்போக, போரில் அகதியாக வந்த ஸ்டெபான் நோர்பிளின் என்ற போலந்து ஓவியர்தான் உள் அலங்காரம் செய்தாராம். சுவரில் இராமாயணக் காட்சிகளும் அவர் கைவேலை.

சிவில்காரர்களுக்கு ஒரு செய்தி. இதன் கட்டடக் கலைஞர் லான்செஸ்டர், நம் சென்னையின் நகரமைப்பைப் பற்றி 1918-லேயே புத்தகம் போட்டவர். மணற்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். இடுக்கில் என் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. காவலாளி பார்த்துவிட்டார், அது தனிக் கதை.

இவ்வளவும் எதற்கு? பஞ்ச நிவாரண வேலை! மழை பொய்த்து மார்வார் ஜனங்கள் தவித்தபோது மகாராஜா உமைத் சிங் 1929-ல் அடிக்கல் நாட்டினார். 1943 வரை வேலை நடந்தது. சுமார் மூவாயிரம் பேர் கூலி வாங்கினார்கள். கட்டி முடித்து நாலே வருஷத்தில், 1947-ல், மகாராஜா காலமானார். 1971-ல் மன்னர் மானியம் நின்றது. அந்தப் பத்தாண்டிலேயே ஒரு பகுதி ஓட்டலாகிவிட்டது. இன்னொரு பகுதியில் அரச குடும்பம் இருக்கிறது.

"நிவாரண வேலை" என்று வழிகாட்டி சொன்ன அன்று ராத்திரி அந்த மெத்தையில் எனக்குத் தூக்கமே வரவில்லை. 1983 வறட்சியில் இராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாயில் நானும் நிவாரண வேலை பார்த்தவன். வெட்டிய குழி நடுவே ஒரு மண்திட்டை விட்டுவைத்து, அதன் உயரத்தை அளந்து கூலி போடுவோம். ஒரு கிழவியின் குழி அளவு குறைந்தது.

"தரை கல்லா கெடக்குய்யா."

"டேப் என்ன சொல்லுதோ அதான் பாட்டி."

பாதிக் கூலி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடினத் தரைக்குத் தனி ரேட் உண்டு. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எஸ்டிமேட்டைத் திருத்தி எழுத எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

மறுநாள் காப்பி கொண்டுவந்த பையனிடம் அரைகுறை இந்தியில் கேட்டேன்: "இங்கே கல் சுமந்தவங்களுக்குக் கூலி எப்படி? அளந்தா, நாள் கணக்கா?"

பையன் சிரித்தான். "எங்க ஊர்ப் பெரியவங்க சுமந்ததா சொல்வாங்க சார். கூலி கணக்கு எனக்கெப்படித் தெரியும்? சர்க்கரை இன்னொரு ஸ்பூன் போடட்டுமா?"

ஊர் திரும்பியதும் அந்தக் கண்மாய்க்குப் போனேன். கரை நிற்கிறது, உள்ளே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிழவியின் பெயர், என் கையால் மஸ்டர் ரோலில் எழுதிய பெயர், ஞாபகத்துக்கு வரவில்லை. டீக்கடையில் விசாரித்தேன். "எந்தக் கிழவியைக் கேக்குறீங்க? அப்ப ஊரே வெட்டுச்சு" என்றார்கள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சாப்பாடு ரெடி என்று செயலாளர் கை காட்டுகிறார்.