முதலில் மருத்துவமனை, பிறகு குருவானவர்



"சாமி, அப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சு, அவஸ்தை பூச வாங்க" என்று வந்து அழைப்பது நம் வழக்கம். அழைத்தால் வருவேன், அது என் கடமை. ஆனால் 108-க்குச் சொல்லியாயிற்றா என்பதுதான் என் முதற்கேள்வியாயிருக்கும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவதே பக்கவாதம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் அதைப் போட்டாக வேண்டும். இரத்தக் கசிவாயிருந்தால் அதே ஊசி உயிருக்கு உலையாகும். ஸ்கேன் பார்த்தே இதை அறிய முடியும். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். சோடா, காப்பி எதையும் புகட்டாதீர்கள். மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். புறா இரத்தம் தேய்க்கும் பழக்கத்தால் நேரம் பாழாவதன்றி வேறு பயனில்லை.

சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒருபுறம் இழுக்கிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒன்று தானே தாழ்கிறதா? பேச்சுக் குழறுகிறதா? திடீரெனப் பார்வை மங்குவதும் நடை தள்ளாடுவதும்கூட அறிகுறிகளே. ஒன்று தென்பட்டாலும் போதும், புறப்படுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாயிருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அவசியம் கேட்பார்.

சிலருக்குப் பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். "பித்த மயக்கம்" என்று படுத்துவிடுகிறார்கள். எனக்கு அதிக அச்சம் தருவது இதுதான். அடுத்த இரண்டு நாட்களில் பெரிய வாதம் தாக்கும் அபாயம் மிகுதி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதற்கு முக்கிய காரணம் இரத்தக் கொதிப்பு. அது வலிப்பதில்லை, அதனால்தான் "உடம்பு நன்றாயிருக்கிறதே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். தவக்காலத்தில் இறைச்சியை விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள். (இறைச்சியை விட்டுவிட்டுக் கருவாட்டுக்குத் தாவுவோரையும் நான் அறிவேன்!) ஊறுகாய், அப்பளம் உட்பட நாளெல்லாம் சேரும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், அது ஒரு தேக்கரண்டிதான். பீடி, சிகரெட், மது பற்றி நான் விரிக்கத் தேவையில்லை. நீரிழிவுள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும்.

தம் கொதிப்பு எவ்வளவென்று அறியாத பெரியவர்கள் இந்த வாரமே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.